பிள்ளை கேமிங் கம்பியூட்டர் கேட்கிற வீடுகளுக்கு

ஓ.எல். எழுதி முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இப்போது ஒரே பேச்சு கேமிங் கம்பியூட்டர்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மகனின் பெருநாள் காசோடு எங்கள் சீட்டுக் காசையும் சேர்த்துக்கொண்டு கடைக்குப் போனோம்.

முதலில் காட்டியது கண்ணாடிப் பெட்டியும் கலர் லைட்டும். பில்லின் கடைசி வரியில் "பவர் சப்ளை" என்று மட்டும் இருந்தது, கம்பனிப் பெயரே இல்லை. கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இதிலா சல்லி மிச்சம் பிடிப்பது? அது பழுதானால் மற்றச் சாமான்களையும் கொண்டு போகலாம். சாதாரணப் பெட்டி எடுத்து, பெயருள்ள 550 வாட் சப்ளை போட்டோம். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் வீணாகாததற்குத்தான், உறுதிக்கு அல்ல. வாரண்டி எத்தனை வருடம் என்றும் கேளுங்கள்.

கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு போதவில்லை. அதனால் ரைசன் 5 5600ஜி. 6 கோர், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸைக் குறைத்தால் வாலரண்ட், ஜிடிஏ 5 நன்றாகவே ஓடும். மலிவென்று இன்டெலில் 'எஃப்' என்று முடிவதை எடுத்துவிடாதீர்கள். கார்ட் இல்லாமல் திரையில் ஒன்றும் வராது.

ரேம் 16 ஜிபி, ஆனால் 8 ஜிபி இரண்டாக. உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் ரேமில்தான் இடம் எடுக்கிறது. ஒற்றை ரேம் என்றால் வேகம் நன்றாகவே விழும். இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை, மகன்தான் சொன்னான்.

கார்ட் போடும் இடம் இன்னும் காலி. முதலில் ஏ.எல். வகுப்புக் காசு என்று சொல்லி வைத்திருக்கிறோம்.