அவள் அலறினாள் என்று எழுதியது யார்?

1993 மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை இரவு. ஒரு பெரிய வீட்டின் வரவேற்பறையில் கூட்டமாக உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீடு எந்தத் தெருவிலும் இல்லை. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்திலிருந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் வெறும் எழுத்துகளால் கட்டப்பட்டிருந்தது. பெயர் லாம்டாமூ. படம் கிடையாது, ஓசை கிடையாது. சுவரும் சோபாவும் வாக்கியங்கள்; வந்து உட்கார்ந்தவர்களும் வாக்கியங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தாமே சூட்டிக்கொண்ட பெயர், தாமே எழுதிக்கொண்ட உருவம், தாமே தேர்ந்தெடுத்த பால்.

அன்று மிஸ்டர் பங்கிள் என்ற பெயரில், கொழுத்த கோமாளி வேஷத்தில் ஒருவர் வந்தார். அவரிடம் 'வூடூ பொம்மை' என்ற குட்டி புரோகிராம் இருந்தது. அடுத்தவர் செய்யாத காரியத்தை அவர் செய்ததாகத் திரையில் காட்டுவதுதான் அதன் வேலை. லெக்பா, ஸ்டார்சிங்கர் என்ற இரு பாத்திரங்கள் கேவலமான, குரூரமான பாலியல் செய்கைகளில் ஈடுபடுவதாக வாக்கியங்கள் வரிசையாக ஓட ஆரம்பித்தன. பெயர்கள் அவர்களுடையவை, எழுதியது அவர்கள் அல்ல. அறையிலிருந்த எல்லோரும் படித்துக்கொண்டிருந்தார்கள். பங்கிள் அறையை விட்டுப் போன பிறகும் வாக்கியங்கள் வந்துகொண்டிருந்தன. ஜிப்பி என்ற பழைய பெருச்சாளி ஒருவர் தன்னிடமிருந்த மாயத் துப்பாக்கியால் பங்கிளைக் கூண்டுக்குள் அடைத்த பிறகே அது நின்றது.

இதை அதே வருடம் டிசம்பரில் நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' வார இதழில் எழுதியவர் ஜூலியன் டிப்பெல். லெக்பாவை இயக்கியவர் சியாட்டில் நகரத்துப் பெண். நடந்ததைப் பற்றித் தன் கண்டனத்தை டைப் செய்தபோது கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்ததாக அவர் பிறகு டிப்பெல்லிடம் சொன்னார். வெளியாட்களுக்கு இது வேடிக்கையாகத்தான் பட்டது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்றார்கள். அந்த உலகத்தில் பழகியவர்கள் அப்படிக் கேட்கவில்லை. எழுத்தாலேயே வேஷம் கட்டி ஆடும் விளையாட்டுக்கு ஒரு விதிதான் முதல் விதி, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். உன் பாத்திரம் செய்வதை மட்டும் எழுது. அடுத்தவர் பாத்திரம் செய்வதை எழுதாதே.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த விதி இங்கிலீஷ்காரர்களை விடச் சுலபமாகப் புரிய வேண்டும். தமிழ் வினைமுற்றின் வாலிலேயே செய்தவர் யார் என்பது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு கதையில் வாள்வீரன் ஒருவன், மருத்துவச்சி ஒருத்தி. இரண்டையும் இயக்குபவர்கள் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு ஊர்கள். வாள்வீரனை இயக்குபவர் இப்படி எழுதுகிறார்: 'அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் பயந்து அலறினாள்.' தவறு 'இழுத்தான்' என்பதில் பாதி, 'அலறினாள்' என்பதில் முழுசு. அந்த 'ஆள்' விகுதி அவருக்குச் சொந்தமில்லை. மருத்துவச்சி அலறுவாளா, சிரிப்பாளா, கைப்பிடி மூலிகைப் பொடியை அவன் கண்ணில் தூவுவாளா என்பது அவளை இயக்குபவரின் உரிமை. 'இழுத்தான்' ஏன் பாதித் தவறு? அவள் கை அகப்பட்டது என்பதையும் அவரே முடிவு செய்துவிட்டார். இதற்கும் தமிழில் வழி இருக்கிறது: பிடிக்கப் போனான், இழுக்கப் பார்த்தான், அடிக்கக் கை ஓங்கினான். முயற்சி ஒருவருடையது, பலன் மற்றவருடையது. இந்தத் துணைவினைகள் இந்த விளையாட்டுக்கென்றே பிறந்தவை போல இருக்கின்றன.

விளையாட்டு தொடங்கியபோது இந்த விதிக்கு அவ்வளவு அவசியம் இருக்கவில்லை. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. வாள் வெட்டியதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். தகராறு வந்தால் நடுவர் சொல்வார். 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் எழுத ஆரம்பித்து, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற மாணவர் வளர்த்த 'மட்', பலர் ஒரே நேரத்தில் நுழையக்கூடிய முதல் எழுத்து உலகங்களில் ஒன்று. அதில் பகடையின் வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்தது. 1989இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் எழுதிய 'டைனிமட்'டில்தான் புள்ளிகளும் சண்டைக் கணக்கும் ஏறக்குறைய காணாமல் போயின. பேசலாம், சுற்றலாம், புதிய அறைகளைக் கட்டலாம். லாம்டாமூவும் அந்த வழியில் வந்ததுதான். பகடை எழுந்து போன நாற்காலியில் மரியாதை வந்து உட்கார வேண்டியிருந்தது.

லாம்டாமூவை உருவாக்கிய பாவெல் கர்ட்டிஸுக்கு இது தெரிந்தே இருந்தது. அந்த உலகத்தில் ஒருவர் பேசினாலும் தலையாட்டினாலும் வரியின் முதலில் அவர் பெயரைக் கம்ப்யூட்டரே போட்டுவிடும். யார் செய்தது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பெயரில்லாமல் வாக்கியம் அனுப்பாதே, எல்லா அறைகளுக்கும் கேட்கும்படி கத்தாதே, ஒருவர் திரையை வெட்டி வரிகளால் நிரப்பாதே என்று நடத்தை முறைகளும் எழுதி வைக்கப்பட்டிருந்தன. ஆனால் புரோகிராம் எழுதத் தெரிந்தவர் தனக்கு வேண்டிய கருவியைத் தானே செய்துகொள்ளலாம் என்பதும் அந்த உலகத்தின் சுதந்திரம். பங்கிள் அந்தச் சந்து வழியாகத்தான் நுழைந்தார்.

தண்டனை கொடுப்பது யார் என்பதுதான் அடுத்த சிக்கல். அங்கே நிர்வாகிகளுக்கு 'மந்திரவாதிகள்' என்று பெயர். சச்சரவுகளைத் தீர்த்து வைத்து அலுத்துப்போன அவர்கள், 1992 டிசம்பரில்தான், இனி தொழில்நுட்ப வேலை மட்டுமே எங்களுடையது, சமூக விவகாரங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்திருந்தார்கள். மூன்று மாதத்தில் இந்தச் சோதனை. ஏறக்குறைய முப்பது பேர் ஓர் அறையில் கூடி மணிக்கணக்கில் விவாதித்தார்கள். பாதியில் பங்கிளே வந்தார். இதனால் தன் நிஜ வாழ்க்கையில் எந்த விளைவும் இல்லை என்ற மாதிரி விளக்கம் கொடுத்தார். அவருடைய வாழ்க்கையில் இல்லைதான். கூட்டம் முடிவெடுக்காமல் கலைந்தது. பிறகு ஜோஃபீட்பேக் என்ற மந்திரவாதி யாரையும் கேட்காமல் பங்கிளை 'தேரையாக்கி'விட்டார். பழைய மட் உலகங்களில் குற்றவாளியை நிஜமாகவே தேரையாக மாற்றி வைப்பார்களாம். லாம்டாமூவில் அதற்கு அர்த்தம், பாத்திரத்தை அடியோடு அழிப்பது. ஊரிலிருந்து திரும்பிய கர்ட்டிஸ், இனி இப்படிப்பட்ட முடிவுகளை எல்லோரும் மனுப் போட்டு வாக்களித்து எடுக்க வழி செய்தார். அந்த ஜனநாயகமும் ஓயாத வாய்ச்சண்டையாக மாற, 1996இல் மந்திரவாதிகள் மறுபடி கையில் கோலை எடுத்துக்கொண்டது வேறு கதை. பங்கிளை இயக்கியவரோ சில நாட்களிலேயே டாக்டர் ஜெஸ்ட் என்ற புதுப் பெயரில் வந்து சேர்ந்தார்.

பார்ட்டில் 1996இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆட்டக்காரர்களைச் சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்களைப் போலப் பிரித்தார்: சாதிப்பவர்கள், துருவிப் பார்ப்பவர்கள், பழக வருபவர்கள், அடுத்தவர்மீது கை வைப்பதிலேயே சுகம் காண்பவர்கள். பங்கிள் நான்காம் ரகம். ஆனால் முதல் விதியை மீறுபவர்களில் பெரும்பாலோர் அந்த ரகம் இல்லை. ஆர்வக்கோளாறுகள். தன் மனசில் ஓடும் காட்சி அவ்வளவு தெளிவாக இருப்பதால் எதிராளியின் பங்கையும் சேர்த்தே எழுதிவிடுகிறார்கள். ஆட்டக்காரர்களின் பாஷையில் இதற்கு 'காட்மாடிங்' என்று பெயர், கடவுள் வேலை பார்ப்பது. எந்த அடியும் தன்மேல் படாது என்று எழுதுபவரும் இதே குற்றப்பிரிவில்தான் வருகிறார். பத்து அம்புகள் வந்தாலும் பத்திலிருந்தும் விலகிவிடும் வீரனோடு யார் சண்டை போடுவார்கள்? ஊதா நிறக் கண்கள், ஏழு மொழிப் புலமை, துயரமான இளமைப் பருவம், பார்த்தவர்கள் எல்லாம் காதலிக்கும் அழகு: இந்தக் குறையில்லாத பாத்திரத்துக்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் மேரி சூ. 1973இல் பௌலா ஸ்மித் என்ற அமெரிக்கப் பெண் 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்களின் கதைகளைக் கிண்டல் செய்து எழுதிய ஒரு குட்டிக் கதையின் நாயகி அவள்.

சின்னத் தப்புகளும் உண்டு. எதிரே ஒருவர் இருபது வரி எழுதிக் காத்திருக்க, 'அவன் தலையசைத்தான்' என்று ஒரே வரியில் பதில் போடுவது. அல்லது ஒற்றை வணக்கத்துக்கு மூன்று பக்கம் எழுதுவது. நடுக்கதையில் சொல்லாமல் கொள்ளாமல் மாயமாவது. இன்னொன்று நுட்பமானது. மருத்துவச்சி பையில் விஷக்குப்பி இருப்பதைத் திரையில் படித்தது ஆட்டக்காரர். வாள்வீரனுக்கு அது தெரிய நியாயமில்லை. ஆனாலும் வாள்வீரன் அவள் கொடுக்கும் பாலைக் குடிக்க மறுக்கிறான். தான் படித்ததைத் தன் பாத்திரத்தின் காதில் ஓதிவிட்டார்! இதைக் கண்டுபிடிப்பது சுலபம், நிரூபிப்பது கஷ்டம். பல நல்ல கதைகள் இந்த இடத்தில்தான் சண்டையில் முடிந்திருக்கின்றன.

வேஷத்துக்கு வெளியே வந்து பேச ஓர் ஏற்பாடு இருக்கிறது. இரட்டை அடைப்புக்குறி போட்டு எழுதினால் அது பாத்திரம் பேசுவதல்ல, ஆட்டக்காரர் பேசுவது. தெருக்கூத்துக் கட்டியக்காரன் அரசவைக்குள் நிற்கும்போதே சபையைப் பார்த்துத் திரும்பி ஊர் நியாயம் பேசிவிட்டு மறுபடி உள்ளே போவதில்லையா, அந்த மாதிரி. 'இந்தக் காட்சி எனக்கு ஒப்பவில்லை', 'இங்கே திரையை இறக்கிவிடலாமா', 'உங்கள் பாத்திரத்தைச் சாகடிக்கச் சம்மதமா' என்பதையெல்லாம் அடைப்புக்குறிக்குள் கேட்க வேண்டும். கேட்டால் கதையின் மயக்கம் கலைந்துவிடும் என்று சிலர் தயங்குவார்கள். அதைவிடப் பெரிய அசட்டுத்தனம் கிடையாது. அடைப்புக்குறியைத் தாராளமாகப் பயன்படுத்தும் ஜோடிகள்தான் கொலை, துரோகம், சித்திரவதை என்று எந்த இருட்டுக்குள்ளும் தைரியமாகப் போய்த் திரும்புகின்றன.

அடைப்புக்குறியே இல்லாமல் ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு லாம்டாமூவை விடப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1985 அக்டோபரில் 'மிஸ்' என்ற அமெரிக்கப் பெண்கள் பத்திரிகையில் லிண்ட்ஸி வான் கெல்டர் எழுதியது. கம்ப்யூசர்வ் நிறுவனத்தின் எழுத்து அரட்டையில் ஜோன் என்றொரு பெண் பிரபலமாக இருந்தாள். கார் விபத்தில் உடல் முடங்கியவள். நரம்பு சார்ந்த உளவியல் படித்தவள். தன் துயரத்தைத் தள்ளி வைத்துவிட்டு மற்றவர்களின் துயரத்தைக் கேட்பவள். பல பெண்கள் அவளிடம் அந்தரங்கங்களைக் கொட்டினார்கள். கடைசியில் ஜோன் என்று ஒருத்தி இல்லவே இல்லை என்று தெரிந்தது. அலெக்ஸ் என்று அந்தக் கட்டுரை பெயரிட்ட, ஐம்பது வயதைத் தாண்டிய நியூயார்க் மனநல மருத்துவர் ஒருவர்தான் அவள். ஜோன் மூலமாகவே தன்னை அந்தப் பெண்களுக்கு அறிமுகம் செய்துகொண்டு பழகியும் இருக்கிறார். ஆண் பெண்ணாக எழுதுவது பாவமில்லை. எழுத்து உலகங்களில் அது அன்றாட சமாசாரம். அங்கே எதிரே இருப்பவருக்கும் தான் ஒரு நாடகத்தில் இருப்பது தெரியும். ஜோனின் தோழிகளுக்குத் தெரியாது. அவர்கள் அழுதது நிஜ அழுகை. அவர்கள் சொன்னது நிஜ ரகசியம். ஜோனைப் பற்றித் தெரிந்ததும் சிலர் தங்கள் சிநேகிதி செத்துப் போனதாகவே துக்கப்பட்டார்கள்.

இன்று இந்த ஆட்டம் டிஸ்கார்ட் போன்ற செயலிகளில் நடக்கிறது. எதிரே இருப்பது மனிதராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2019இல் நிக் வால்டன் என்ற அமெரிக்க இளைஞர் 'ஏஐ டஞ்சன்' என்ற விளையாட்டை வெளியிட்ட பிறகு, செயற்கை நுண்ணறிவோடு வேஷம் கட்டி ஆடுவது பரவிவிட்டது. வசதிதான். இயந்திரம் நடுராத்திரியில் தூங்கப் போவதில்லை, கோபித்துக்கொள்வதில்லை, சொல்லாமல் மறைந்துபோவதில்லை. ஒற்றை வரி பதிலுக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறது. எதிரே சியாட்டில் பெண் இல்லாததால் யார் என்ன எழுதினாலும் யாருக்கும் கண்ணீர் வராது. 'ஒப்பவில்லை' என்ற அடைப்புக்குறி எதிரே ஒரு மனிதரிடமிருந்து வராத ஆட்டத்தில் பழகியவர்கள் நாளை ஒரு மனிதரோடு ஆட உட்காரும்போது எப்படி எழுதுவார்கள் என்பது போகப் போகத்தான் தெரியும்.

அதுவரை அவர்கள் வேறொரு தொல்லையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இயந்திரம் தன் பாத்திரத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஆட்டக்காரரின் பாத்திரம் என்ன சொன்னது, எப்படி வெட்கப்பட்டது, எப்போது அழுதது என்பதையும் சேர்த்தே எழுதித் தள்ளிவிடுகிறது. ஆகவே ஆட்டத்தைத் தொடங்கும் முன் அதற்குக் கொடுக்கும் கட்டளைகளில் ஒன்றை மறக்காமல் சேர்க்கிறார்கள்: என் பாத்திரத்துக்காக நீ பேசாதே, நீ எதையும் செய்யாதே, நான் எழுதும்வரை காத்திரு.