ரெண்டு சுவிட்ச்சும் ஒரு அழுக்கு ஃபைபரும்

ஆணி அதிகம். இன்னிக்கு அந்த ஆணியைப் பத்தியே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நெட்வொர்க் தெரியாதவங்களும் பயப்படாம படிக்கலாம். ரோடு, லாரின்னு சொல்லியே ஒப்பேத்திடறேன்.

டேட்டா சென்டர்ல எல்லாமே ரெண்டு ரெண்டு. கரண்ட் லைன் ரெண்டு, ஏசி ரெண்டு, சுவிட்ச் ரெண்டு. ஒண்ணு செத்தா இன்னொண்ணு பார்த்துக்கும். முன்னெல்லாம் ரெண்டு வழி இருந்தாலும் ஒண்ணை அடைச்சுத்தான் வைப்பாங்க. இல்லேன்னா பாக்கெட் செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். எந்த வழியை அடைக்கிறதுன்னு சுவிட்ச்சுகளே பேசி முடிவு பண்ற முறையை 1985ல ராடியா பெர்ல்மன்ங்கிற அம்மா கண்டுபிடிச்சாங்க. ஸ்பேனிங் ட்ரீன்னு பேரு. இப்போ பெரிய டேட்டா சென்டர்கள்ல ரெண்டு வழியையும் திறந்தே வச்சு சரக்கைப் பிரிச்சு அனுப்பறாங்க. காசு குடுத்து வாங்கின வயர் சும்மா கிடக்க வேண்டாமே!

இங்கதான் வில்லங்கம். ஒரு வழி முழுசா செத்தா பிரச்சினையே இல்லை. அரை உயிரா இருந்தா?

நாங்க பார்த்துக்கிட்டிருந்தது மருந்துக்கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர். (கம்பெனி பேரைக் கேக்காதீங்க, சோறு முக்கியம்.) ஒவ்வொரு மருந்துக்கும் ஸ்டாக் இருக்கான்னு இன்னொரு சர்வர்கிட்ட கேக்கணும். 150 மில்லி செகண்டுக்குள்ள பதில் வரலைன்னா, பில் நின்னு போய் 'மீண்டும் முயற்சிக்கவும்'னு வரும். சாதாரணமா 2 மில்லி செகண்ட்ல பதில் வந்துடும், அதனால அது தாராளமான டைம்தான்.

கடைகள்ல இருந்து புகார் மேல புகார். பெரிய பில்லுன்னா நிக்குதாம், சின்ன பில்லுன்னா ஓடுதாம். ரெண்டாவது தடவை அமுக்கினா பெரும்பாலும் வந்துடுதாம்.

டேமேஜர் என்ன முடிவுக்கு வருவார்? பெரிய பில்னா லூப் பெருசு, லூப் எழுதினது யாரு? காலேஜ் முடிச்சு ஒரு வருஷம்கூட ஆகாத ஒரு பையன். மூணு வாரம் தினமும் மீட்டிங்ல அவனை நிக்க வச்சுக் கேள்வி. நெட்வொர்க் டீம் அண்ணன்கிட்ட போனா, "தம்பி, பிங் போட்டுப் பார்த்துட்டேன். 0.3 மில்லி செகண்ட், ஒண்ணுகூட விழலை. உங்க கோடைப் பாருங்க"ன்னுட்டார். கிராஃப்ல ஆவரேஜ் 4 மில்லி செகண்ட், பச்சைப் பசேல்னு.

அந்த ஆவரேஜ்தான் முதல் திருடன். 1000 கேள்வில 990க்கு 2 மில்லி செகண்ட், 10க்கு 202 மில்லி செகண்ட்னு வைங்க. கூட்டி வகுத்தா சரியா 4 வரும். கடைல நிக்கிற ஆளுக்கு ஆவரேஜ் யாருக்கு வேணும்?

நானும் பையனும் ஆவரேஜைத் தூக்கிப் போட்டுட்டு ஒவ்வொரு கேள்வியோட நேரத்தையும் அடுக்கிப் பார்த்தோம். 2 பக்கத்துல ஒரு மலை, 200க்குக் கொஞ்சம் மேல ஒரு குட்டி மேடு, நடுவுல வெறும் பொட்டல். ட்ராஃபிக் ஜாம்னா 10, 30, 70ன்னு பரவலா இருக்கணும். 200ல மட்டும் குவிஞ்சா அர்த்தமே வேற. டிசிபில ஒரு பாக்கெட் தொலைஞ்சு, பின்னாடியே வர்ற பாக்கெட்டுகள் காட்டிக் குடுத்தா உடனே மறுபடி அனுப்பிடும். ஆனா எங்க கேள்வி ஒரே ஒரு பாக்கெட். பின்னாடி வர ஆள் இல்லை. அதனால டைமர் முடியற வரைக்கும் காத்திருக்கணும். லினக்ஸ்ல அந்த டைமர் சாதாரணமா 200 மில்லி செகண்டுக்குக் குறையாது. ஆக, எதுவும் மெதுவா போகலை. எங்கயோ தொலையுது.

அப்போ பிங் ஏன் தொலையலை? சுவிட்ச் ரெண்டு வழியில ஒண்ணை எப்படித் தேர்ந்தெடுக்குதுன்னு தெரிஞ்சா புரிஞ்சிடும். அனுப்பறவர் ஐபி, வாங்கறவர் ஐபி, ரெண்டு பேரோட போர்ட் நம்பர், எந்த புரோட்டோகால், இந்த அஞ்சையும் போட்டு ஒரு கணக்கு. விடைக்கு ஏத்த ரோடு. ஒரு கனெக்ஷன்ல வர்ற எல்லா லாரியும் ஒரே ரோட்டுலதான் போகும், வரிசை கலையக்கூடாதுன்னு. பிங்ல போர்ட்டே கிடையாது. அதனால அதே ரெண்டு சர்வருக்கு நடுவுல ஆயிரம் தடவை போட்டாலும் அது அதே நல்ல ரோட்டுலயே போயிட்டு வரும். அண்ணன் பொய் சொல்லலை, அவர் பார்த்த ரோடு நல்ல ரோடு. எங்க பில்லுக்கு ஒவ்வொரு தடவையும் புதுக் கனெக்ஷன், புது போர்ட், புது விடை. ரெண்டாவது தடவை அமுக்கினா ரோடு மாற பாதிக்குப் பாதி சான்ஸ். கடைக்காரங்க சொன்னது அட்சரம் பிசகாம உண்மை!

நிரூபிக்கணுமே? பையன்தான் சொன்னான், "அண்ணே, போர்ட் நம்பரை நாமளே குடுத்துப் பார்ப்போமா?" 40000ல இருந்து 40063 வரைக்கும், ஒவ்வொண்ணுலயும் ஆயிரம் கேள்வி. ஏறக்குறைய பாதி போர்ட்ல ஒண்ணுகூட லேட் இல்லை. மீதி ஒவ்வொண்ணுலயும் 20 பக்கமா லேட். மறுபடி ஓட்டினோம். அச்சு அசலா அதே போர்ட்டுகள்! அந்த லிஸ்ட்டைப் பார்த்ததும் அண்ணன் டீயைக் கீழ வச்சுட்டார்.

அப்புறம் அவர் வேலை. எதிர்ப்பக்க சுவிட்ச்ல சிஆர்சி எர்ரர் ஏறிக்கிட்டிருந்துது. அந்த வயரை மாத்தலாமான்னு கேட்டேன். "அவசரப்படாதீங்க தம்பி. இது கட்-த்ரூ சுவிட்ச். பாக்கெட் முழுசா வந்து சேர்றதுக்கு முன்னாடியே அடுத்த பக்கம் தள்ளி விட்டுடும். கெட்டுப் போனதும் அப்படியே கடந்து வந்துடும். எர்ரர் தெரியற இடத்துல நோய் இருக்கணும்னு இல்லை"ன்னார். ஒவ்வொரு சுவிட்ச்சா பின்னாடி நடந்து, எர்ரர் முதன்முதலா தெரிஞ்ச போர்ட்டைப் பிடிச்சார். அந்த ஃபைபரை நிறுத்தின அடுத்த நிமிஷம் 200 மேடு காணாமப் போச்சு. ரெண்டு வழில ஒண்ணைப் பிடுங்கினதும் எல்லாம் சரியாயிடுச்சு!

காரணம், கனெக்டர் முனைல அழுக்கு. சிங்கிள் மோட் ஃபைபர்ல வெளிச்சம் போற துவாரம் சுமார் 9 மைக்ரான், தலைமுடியை விட எத்தனையோ மடங்கு மெல்லிசு. விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு போதும். துடைச்சுப் போட்டதும் திரும்ப ஜோரா ஓடுது.

சுவிட்ச்சுகளுக்கு இது ஏன் தெரியலை? அதுங்க கேக்கற கேள்வியே "உயிரோட இருக்கியா?"தான். எங்க நெட்வொர்க்ல ஓடற ஓஎஸ்பிஎஃப் வழக்கமா 10 செகண்டுக்கு ஒரு ஹலோ அனுப்பும், 40 செகண்ட் எதுவும் வராட்டிதான் செத்துடுச்சுன்னு முடிவு பண்ணும். 2 சதவீதம் தொலையற வயர்ல தொடர்ந்து நாலு ஹலோ தொலைய 60 லட்சத்துல ஒரு சான்ஸ்தான். 2017ல மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் இந்த மாதிரி நோய்க்கு 'கிரே ஃபெய்லியர்'னு பேர் வச்சாங்க. 2015லயே அவங்களோட பிங்மெஷ், ஒவ்வொரு சோதனைக்கும் புது போர்ட்ல புது டிசிபி கனெக்ஷன் போட்டுத்தான் பாதைகளைப் பார்த்துது. இப்போ நாங்களும் சின்ன அளவுல அதைத்தான் ஓட்டறோம்.

இன்னும் உறுத்தறது ஒரு கணக்கு. அந்தக் கெட்ட ரோட்டுல மாட்டினா, ரெண்டு மாத்திரை வாங்கறவருக்கு பில் நிக்க 4 சதவீத வாய்ப்பு. சுகர், பிரஷர், ஹார்ட்னு 15 ஐட்டம் எழுதின சீட்டோட வர்ற பெரியவருக்கு 26 சதவீதம். நோய் அதிகமா இருக்கறவங்கதான் கவுண்டர்ல அதிக நேரம் நின்னாங்க. பச்சை கிராஃப்ல இது எங்கயும் தெரியலை.

பையனை வேற ப்ராஜெக்ட்டுக்கு மாத்தற பேச்சு அதோட நின்னுடுச்சு. அவன் லூப்ல ஒரு வரிகூட மாத்தலை. மூணு வாரம் நிக்க வச்சதுக்கு யாரும் அவன்கிட்ட ஸாரி கேக்கலை, அது வேற கதை.

அதனால மக்கா, யாராவது "ரெண்டாவது தடவை அமுக்கினா வந்துடுதுங்க"ன்னு சொன்னா சிரிக்காதீங்க. யாரையும் நிக்க வச்சுக் கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி, முதல் தடவை அது எந்த ரோட்டுல போச்சுன்னு பாருங்க.