வரைபடம் முடியும் முன்பே கேளுங்கள்

நகரத் திட்டக் கூட்டம் நடத்துகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, மண்டபத்துக்கு யார் வரவில்லை என்பதைத்தான். ஜொகூர்பாருவில் நாங்கள் கூட்டம் போட்டால் வருகிறவர்கள் பெரும்பாலும் சொந்த வீடு உள்ளவர்கள். சாலை நெரிசல், பக்கத்து நிலத்தில் எழப்போகும் அடுக்குமாடி என்று அவர்களுக்கு நியாயமான கவலைகள் உண்டு. ஆனால் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவரும், தோட்டம் கைமாறியதும் வெளியேறி வாடகை வீட்டில் ஒண்டியிருப்பவரும் வருவதில்லை. மலிவு விலை வீடு வேண்டியது அவர்களுக்குத்தான். எனவே கோயில் அன்னதானம், தமிழ்ப்பள்ளி வாசல், தொழிற்சாலை பஸ் நிற்கும் இடம் என்று நாங்களே தேடிப் போகிறோம்.

போனாலும், “இந்தத் திட்டத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டால் பதில் வராது. வரைபடத்தை விரித்து, பேனாவைக் கையில் கொடுத்து, “பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகுது, எப்படிப் போகுது?” என்று கேட்க வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும் கோடு நெடுஞ்சாலையில் முட்டி நிற்கும். அங்கே கடக்க வழியில்லை என்பது அப்போதுதான் நமக்குத் தெரியும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஓர் அம்மா கேட்டார்: “வீடு குடுக்கிறீங்க, சரி தம்பி. பதினாலாவது மாடியில ஒருத்தர் தவறிப்போனா எப்படி இறக்குறது? லிஃப்டுல பெட்டி போகுமா? சொந்தக்காரங்க எங்க உட்காருவாங்க?” படுக்கையறை எண்ணிக்கையையும் சதுர அடியையும் பேசிக்கொண்டிருந்த மேசையில் யாருக்கும் அது தோன்றவில்லை. லிஃப்டின் ஆழமும் தரைத்தளத்தில் விட வேண்டிய திறந்த கூடமும் வரைபடம் முடிவதற்கு முன் பேச வேண்டியவை. தூண் எழுந்தபிறகு கேட்டுப் பயனில்லை.

மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் இப்படி முன்கூட்டியே கேட்க இடம் தருகிறது. 2001இல் வந்த திருத்தத்தின்படி, எந்த நிலத்தில் என்ன எழலாம் என்று வகுக்கும் உள்ளூர்த் திட்டத்தின் வரைவு தயாராகும் முன்பே மக்களிடம் தெரிவித்துக் கருத்துக் கேட்க வேண்டும். வரைவு வந்தபின் குறைந்தது 4 வாரம் காட்சிக்கு வைக்க வேண்டும். ஆட்சேபம் எழுதிக் கொடுத்து, நேரில் பேச வேண்டும் என்றும் கேட்டவரின் ஆட்சேபத்தை 3 பேர் குழு விசாரிக்கும். பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. திட்டமிடல் அனுமதி மனு வரும்போது அண்டை நில உரிமையாளருக்கு அறிவித்து ஆட்சேபம் கேட்கும்படி 21ஆம் பிரிவு கட்டாயப்படுத்துவது, உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதிகளில்தான். திட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டால் அந்தப் பிரிவைக் காட்டி வாதாட முடியாது. வரைவு காட்சியில் இருக்கும்போது வாய் திறக்காதவருக்குப் பிறகு வாய்ப்பு மிகக் குறைவு.

ஜொகூர்பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்கு ஆர்டிஎஸ் ரயில் பாதை எழுந்திருக்கிறது. சிங்கப்பூருடனான சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. நகருக்குள் நிலத்தின் மதிப்பு ஏற ஏற, மலிவு வீடுகளை ஊருக்கு வெளியே தள்ளவே மனம் போகும். அங்கே விலையில் மிச்சமாவது பெட்ரோலில் போய்விடும். வீடு எங்கே அமைய வேண்டும் என்பதைத்தான் மக்கள் உரக்கக் கேட்க வேண்டும்.

உங்கள் நகர மன்றத்தில் வரைவுத் திட்டம் காட்சிக்கு வந்தால் போய்ப் பாருங்கள். ஆட்சேபப் படிவத்தை வாங்கி, வேண்டாதது எது என்பதோடு எங்கே எத்தகைய வீடு வேண்டும் என்பதையும் எழுதுங்கள். நேரில் பேச விருப்பம் என்று தவறாமல் குறிப்பிடுங்கள். எழுதத் தயங்குகிறவருக்குக் கோயில் நிர்வாகத்தினரும் பள்ளிப் பெற்றோர் சங்கத்தினரும் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கட்டும்.