நிற்கும் வள்ளம்

அக்குறணையில் நாமறிந்த தண்ணீர் பிங்கா ஓயாதான். மழைக்குக் கடைக்குள் வரும், வள்ளம் ஓடாது. 2005இல் ஆசிரியர் கலாசாலை முடித்து மூதூருக்கு நியமனமானேன். பக்கத்து வீட்டு மீன்பிடிக்காரரை நம்மூர் வழக்கப்படி ‘நானா’ என்றேன். “இங்க காக்கா எண்டுதான் சொல்ற, சேர்” என்று திருத்தினார்.

சுபஹ் தொழுததும் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய், நங்கூரத்தில் கிடக்கும் மரவள்ளத்தில் ஏறுவார். இரவு கசிந்த நீரை இறைப்பார். அணியத்தில் கயிறு உராயும் இடத்துக்குப் பழஞ்சாக்குச் சுற்றுவார். நீரிலே கிடந்தால் புழு துளைக்கும், சிப்பி ஒட்டும். கரையிலே போட்டாலோ வெயிலில் பலகை சுருங்கிப் பொருத்து விரியும். ஓடும் வள்ளத்தைவிட நிற்கும் வள்ளம்தான் ஆளைத் தின்னும் என்பார். பொருத்தில் பஞ்சு திணிப்பதைக் கலப்பத்து என்பார்கள். 1183இல் ஐதாப் துறைமுகத்தைக் கண்ட இப்னு ஜுபைர், கயிற்றால் தைத்த மரக்கலங்களுக்குச் சுறா எண்ணெய் பூசியதை எழுதியிருக்கிறார். கவலை பழையதுதான்.

2006 ஓகஸ்ட் சண்டையில் மூதூர் சனம் கந்தளாய்க்கு ஓடியது. முகாமில் காக்கா வீட்டைப் பற்றிப் பேசவில்லை. “தண்ணி ஆர் இறைக்கிற?” என்பதே பேச்சு.

செப்டம்பரில் திரும்பியபோது கயிறு அறாமலே இருந்தது. வள்ளம் அதன் கீழே மூழ்கிக் கிடந்தது. ஆறு பேர் இழுத்துக் கரையேற்றினோம். அடிப்பலகை இரண்டு புழுவுக்குப் போய்விட்டன. பள்ளி விட்டதும் பதினொரு நாள் நானும் பஞ்சு திணித்தேன். இறக்கியதும் மறுபடி கசிந்தது. காக்கா பதறவில்லை. “மரம் ஊதட்டும், சேர். நாளைக்குக் கொஞ்சமாத்தான் வரும்” என்று சிரட்டையை என் கையில் தந்தார்.