ஓரடி நீளத்தில் ஒரு கட்டுமரம்

கட்டுமரத்தைச் சின்ன அளவில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் நிஜமான ஒரு மரத்தை அவிழ்த்துப் பார்க்க வேண்டும். கைவினைக் கடைகளில் கிடைக்கும் மாதிரிகளைப் பார்த்துச் செய்யக் கூடாது. அவற்றில் நான்கைந்து உருண்டைக் குச்சிகள் ஒரே நீளத்தில், ஒரே பருமனில், இடைவெளியே இல்லாமல் பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கும். மேலே முக்கோணப் பாய், அதன்மேல் வார்னிஷ் பளபளப்பு. கடலுக்குப் போன எவரும் அதைத் தன்னுடைய மரம் என்று ஏற்றுக்கொள்ள மாட்டார்.

அளவு மாதிரிகள் செய்து வண்ணம் பூசுவது என் நெடுநாள் பழக்கம். விமானமோ பீரங்கி வண்டியோ என்றால் கடையில் பெட்டியாகவே கிடைக்கும். 1:72, 1:35 என்று அளவு அச்சிட்டிருக்கும், எந்தப் பாகம் எங்கே பொருந்தும் என்று படம் போட்ட தாள் உள்ளே இருக்கும். கட்டுமரத்துக்கு அப்படிப் பெட்டியும் இல்லை, தாளும் இல்லை. அதன் வரைபடம் அதைக் கட்டியவர்களின் கையிலும் கண்ணிலும்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத்தான் தேவனாம்பட்டினம் போனேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கிழக்கே போகும் சாலை கடலில் முடியும் இடம் அது. ஊர்க்காரர்களுக்கு சில்வர் பீச். பக்கத்திலேயே கெடிலம் கடலில் கலக்கிறது. ஆற்றோரம் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் நிற்கிறது. 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கிய கோட்டை இது. பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரையுள்ள கிராமங்களும் கம்பெனிக்குச் சேர்ந்தன. குண்டு கிராமங்கள் என்ற பேச்சு இன்றும் கடலூரில் உண்டு. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது சில காலம் கம்பெனியின் தலைமையிடமே இங்கேதான் இருந்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கோட்டையைப் பிடித்து இடித்தது.

மாதிரிக் கப்பல் செய்கிற உலகத்துக்கும் இந்தக் கடலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1783 ஜூன் 20 அன்று இதே கடலில் சுஃப்ரனின் 15 பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் 18 ஆங்கிலேயக் கப்பல்களும் மோதின. அந்தக் காலத்து 74 பீரங்கிக் கப்பலை ஆணி ஆணியாகச் செய்து பார்க்க ழான் பூதிரியோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் பல தொகுதிகளில் நூல் எழுதியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்கில் ஒரே கப்பலைச் செய்கிறவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். அந்தப் பெரிய கப்பல்களால் இந்தக் கரையை நெருங்கவே முடியாது. ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தவை கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும்தான். கப்பலுக்கு அத்தனை தொகுதிகள் இருக்க, கரை சேர்த்த மரத்துக்கு நம்மிடம் ஒரு தாள்கூட இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

கரையில் இப்போது வரிசையாக நிற்பவை ஃபைபர் படகுகள். கட்டுமரம் எங்கே இருக்கும் என்று கேட்டபோது வலை பிரித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், “எங்க தாத்தாவக் கேளுங்க சார்” என்று குடிசைப் பக்கம் கை காட்டினார். தாத்தா வெளியே வந்தார். நான் கொண்டுபோயிருந்த இஞ்ச் டேப்பையும் நோட்டையும் பார்த்துவிட்டு, “மேலாக்கப் பாத்து அளவெடுத்தா என்னா தெரியும் தம்பி? மரம்னா அவுத்துப் போட்டுத்தான் பாக்கணும்” என்றார். வீட்டுக்குப் பின்னால் பழைய மரம் ஒன்று அவிழ்த்தபடியே கிடந்தது. பேரன்கள் இருவர் அதன் கட்டைகளை மணலில் வரிசையாகப் போட்டார்கள். அன்று பகல் முழுவதும் அந்தக் கட்டைகளோடுதான் கழிந்தது.

எந்தக் கட்டையும் உருண்டை இல்லை. ஒவ்வொன்றும் வாய்ச்சியால் செதுக்கி இழைத்த தனித்தனி வடிவம். நடு மரம் நீளமானது, தாழ்வாக உட்காரும். இரு பக்க மரங்களும் சற்று உயர்ந்து நிற்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆழமில்லாத தொட்டி போலத் தெரியும். முன்பக்கம் மெலிந்து மேலே தூக்கும். அந்த முனையைத் தனித் துண்டுகளாகச் செதுக்கிச் சேர்ப்பார்கள், அதற்கு அணியம் என்று பெயர். சின்ன மரமென்றால் மூன்று கட்டை. கோலா மீன் பிடிக்க ஆழக் கடலுக்குப் போகும் பெரிய மரத்தில் ஏழு வரை இருக்கும். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை வைத்துத் தேங்காய் நார்க் கயிற்றால் கட்டுவார்கள். உப்புத் தண்ணீரில் சீக்கிரம் இற்றுப்போகாத கயிறு அது.

பெரியவர் டேப்பைத் தொடவே இல்லை. முழம், சாண், விரற்கடை என்று கையாலேயே அளந்து சொன்னார். “அணியம் இங்கேருந்து ஒரு மொழம் நாலு வெரக்கடை ஏறணும். கொறஞ்சா அலையில குத்திக்கும்.” அவர் சொன்ன ஒவ்வொரு முழத்தையும் பக்கத்திலேயே டேப் வைத்து அடியும் அங்குலமுமாகக் குறித்துக்கொண்டேன். அவர் கை அளவு இடத்துக்கு இடம் மாறவில்லை. கட்டைகளுக்கு நடுவே எவ்வளவு சந்து விட வேண்டும் என்று கேட்டேன். விரலை நுழைத்துக் காட்டினார். அந்தச் சந்து வழியாகத்தான் அலைத் தண்ணீர் ஏறி இறங்குகிறது. தேங்கி நிற்கக் குழியே இல்லாததால் மரம் நிரம்பி மூழ்குவதில்லை. அலை தூக்கும்போது கட்டைகள் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கின்றன. இடைவெளியைப் பசையால் அடைத்துச் செய்த மாதிரி, கட்டுமரத்தின் உயிரான அம்சத்தையே அடைத்துவிடுகிறது.

இனி அதைச் சின்னதாக்கும் கணக்கு. 24 அடி மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1:24 அளவில் செய்தால் சரியாக ஓரடி வரும்; மேசை மேல் வைக்க ஏற்றது. நிஜத்தில் ஓர் அங்குலப் பருமனுள்ள கயிறு மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் நூலாகிவிடும். அதில் முறுக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதால் மெஷின் தையல் நூல் உதவாது. முறுக்குள்ள பருத்தி நூலை டீ டிகாக்‌ஷனில் ஊறவைத்து, காய்ந்த பிறகு தேன்மெழுகில் இழுத்தால் பிசிறு படிந்து கயிறு போலவே நிற்கும். மரத்துக்கு பால்சா சுலபம். ஆனால் உளியில் நசுங்கும். இந்தக் கரையில் மரம் கட்டப் பயன்பட்ட அல்பீசியா, மலைவேம்பு போன்ற எடை குறைந்த மரங்களின் துண்டு கிடைத்தால் அதையே எடுப்பது நல்லது. முன்பே செதுக்கி வைத்திருந்த சின்னக் கட்டைகளைப் பையிலிருந்து எடுத்துப் பெரியவர் முன் வைத்தேன். வலை பின்னுகிற கை அது. ஒரு மில்லிமீட்டர் நூலை வாங்கிக் குறுக்குக் கட்டையோடு முதல் முடிச்சைப் போட்டுக் காட்டினார். நூல் எந்தக் கட்டைக்கு அடியில் போய் எங்கே மேலே வருகிறது என்று படிப்படியாகப் படம் வரைந்துகொண்டேன். அந்தப் படம் இப்போது என்னிடமுள்ள எந்தப் புத்தகத்தையும்விடப் பெறுமதியானது.

“இப்ப மரமே தெர்மாகோல்ல வந்துடுச்சு தம்பி” என்றார். உண்மைதான். தெர்மாகோலை வெட்டி மேலே ஃபைபர் பூசிய மரங்கள் கரையில் நிற்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தேவனாம்பட்டினம் பட்ட அடி தமிழகம் அறிந்தது. உயிர்களோடு மரங்களும் வலைகளும் போயின. நிவாரணமாக வந்த கலங்களில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள். அதற்கு முன்பே தொடங்கியிருந்த மாற்றம் பிறகு வேகம் பிடித்தது. இதற்காக மீனவர்களிடம் வருத்தம் பேசுவது நியாயமில்லை. நீர் குடித்துக் கனத்த கட்டைகளை நாள்தோறும் அவிழ்த்துத் தோளில் சுமந்து, மணலில் போட்டுக் காயவைத்தவர்கள் அவர்கள். ஃபைபர் படகும் இன்ஜினும் அந்தச் சுமையைக் குறைத்திருக்கின்றன. போகக் கூடாதது அந்த அளவுகள் மட்டும்தான்.

ஃபைபர் படகு கட்டும் பட்டறை ஒன்றையும் பார்த்தேன். மாதிரி செய்கிறவர்களுக்கு அங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. நாம் உடலைச் செய்து முடித்துக் கடைசியில் வண்ணம் பூசுகிறோம். அங்கே வண்ணம்தான் முதலில். அச்சின் உட்புறத்தில் மெழுகு தேய்த்து, நிறம் கலந்த ஜெல்கோட்டை அடிக்கிறார்கள். அதன் பின்னால்தான் கண்ணாடி இழை விரிப்பும் ரெசினும் அடுக்கடுக்காகச் சேர்கின்றன. ஹார்டனர் எவ்வளவு விடுவது என்பதை வெயில் தீர்மானிக்கிறது. சித்திரை வெயிலில் கூடுதலாக விட்டால் உருளை ஓடி முடிவதற்குள் ரெசின் இறுகிவிடும். கண்ணாடி இழை தோலில் ஏறி அரிக்கும். ரெசின் வாடையில் கொஞ்ச நேரம் நிற்பதே சிரமம். தொழிலாளர்கள் முகத்தில் கட்டியிருந்தது சாதாரணத் துண்டு. நல்ல முகமூடியும் கையுறையும் அவர்களுக்குக் கட்டாயம் கிடைக்க வேண்டும். வீட்டில் ஸ்பிரே அடித்து மாதிரிகளுக்கு வண்ணம் பூசுகிற நம் போன்றவர்களுக்கும் இது பொருந்தும்.

வண்ணம் கற்றுக்கொள்ள வண்டிப்பாளையம் போக வேண்டும். கடலூருக்குள்ளேயே உள்ள பகுதி. அப்பர் கல்லோடு கடலில் மிதந்து கரையேறினார் என்று ஐதிகம் சொல்லும் கரையேறவிட்டகுப்பம் அருகில்தான். கொலு பொம்மை செய்யும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. களிமண்ணையோ காகிதக் கூழையோ அச்சில் அழுத்தி எடுத்து, காயவைத்து, வெள்ளை பூசி, பிறகு நிறம். மழை பிடித்துக்கொண்டால் பொம்மை காயாது; நவராத்திரியோ காத்திருக்காது. வீடு முழுக்க வேலை நடக்கிறது. பெண்கள் வெள்ளை பூசுகிறார்கள், இளையவர்கள் உடைக்கு நிறம் தீட்டுகிறார்கள், கண் மட்டும் மூத்த கைக்குக் கடைசியாகப் போகிறது. அங்கிருந்த அம்மா ஒருவர், “சின்ன பொம்மைக்குப் பெரிய பொம்மையோட கலர அப்படியே வச்சா அடிக்கும் சார், கொஞ்சம் வெள்ளை விட்டுக்கணும்” என்றார். அளவு சுருங்கச் சுருங்க நிறத்தையும் வெளிற்ற வேண்டும் என்று உலகமெங்கும் மாதிரி செய்கிறவர்கள் பின்பற்றும் விதியும் இதுவே.

கட்டுமரத்துக்கு அந்த வெள்ளைகூடப் போதாது. அதற்குப் பொதுவாகப் பெயின்ட் அடிப்பதில்லை. வெயிலும் உப்பும் சேர்ந்து தந்த சாம்பல் நிறம்தான் அதன் நிறம். புதிதாகச் செதுக்கிய துண்டு மஞ்சளாக இருக்கும். அதன்மேல் முதலில் டீ டிகாக்‌ஷனைப் பூசுங்கள். அது காய்ந்த பிறகு, இரும்பு நாரை வினிகரில் ஊறவைத்த நீரைப் பூசினால், டீயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மரம் மெல்லச் சாம்பலாகும். கயிறு உரசும் இடங்களில் மட்டும் கொஞ்சம் கருமை ஏற்றுங்கள். வார்னிஷ் வேண்டவே வேண்டாம்.

நம் கரையின் படகுகளை முறையாக அளந்து வரைந்தவர்களில் முக்கியமானவர் பாரிஸ் என்ற பெயருடைய பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1829 முதல் 1832 வரை உலகைச் சுற்றிய ‘ஃபாவோரித்’ கப்பலில் வந்தபோது சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தையும் சலங்குப் படகையும் அவர் வரைந்தார். 1840களின் தொடக்கத்தில் நூலாக வெளியிட்டார். 1871இல் பாரிஸ் நகரின் கடற்படை அருங்காட்சியகப் பொறுப்புக்கு வந்து, பல நாட்டுப் படகுகளுக்கு அளவு மாதிரிகள் செய்வித்தார். பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதினார். அவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் முழத்தையும் விரற்கடையையும் தமிழில் கேட்டு, ஊர் ஊராக மாறும் அணியத்தை ஊரின் பெயரோடு பதிய நம்மால்தான் முடியும்.

நமக்குக் கைத்திறன் இல்லாமல் இல்லை. தஞ்சாவூரில் நெட்டியைச் சீவிப் பெரிய கோயிலை மேசை அளவில் எழுப்புகிறார்கள். 2020இல் அந்த வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொலுவுக்குப் பூங்காவும் தெப்பக்குளமும் கட்டுகிற பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அதே கை கடற்கரைப் பக்கம் திரும்ப வேண்டும். தாழங்குடா, சோனாங்குப்பம், சாமியார்பேட்டை என்று கடலூர் மாவட்டக் கரையோரம் எங்காவது அவிழ்த்துப் போட்ட மரம் ஒன்றையும், அதைக் கட்டிய பெரியவர் ஒருவரையும் கண்டால் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு கட்டையின் நீளம், பருமன், வளைவு, கயிறு போகும் வழி எல்லாவற்றையும் குறியுங்கள். பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் இதை மாணவர்களுக்குச் செயல்திட்டமாகத் தரலாம். செய்து முடித்த மாதிரியின் அடியில் ஊர்ப் பெயரையும் அளவையும் எழுதுங்கள். கட்டக் கற்றுக்கொடுத்தவர் சம்மதித்தால் அவர் பெயரும் அங்கே இருக்கட்டும். கடலூர் அரசு அருங்காட்சியகத்தில் தேவனாம்பட்டினத்து மரம் ஒன்று அப்படி அளவோடு நிற்க வேண்டும். அளவு சொல்லத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. இந்த வேலையை இந்த ஆண்டே தொடங்குங்கள்.