மழை விட்ட மறுநாள்

மிசோரி மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது ஹோல்ட் கவுண்டி. கன்சாஸ் சிட்டியிலிருந்து 29ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போனால், செயின்ட் ஜோசஃப் நகரைத் தாண்டிய பிறகு இடப்பக்கம் மிசோரி ஆற்றின் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கிறது. வலப்பக்கம் குன்றுகள். சாலை போடுவதற்காக வெட்டிய ஒரு சரிவின் அடியில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். பாறையைத் தேடினேன், மேலிருந்து கீழ்வரை மண்தான். பனியுகத்தில் பனிப்பாறைகள் அரைத்துத் தள்ளிய பொடி, ஆற்றுப்படுகையில் காய்ந்து கிடந்ததைக் காற்று வாரிக்கொண்டு வந்து இங்கே குவித்திருக்கிறது. லோயஸ் என்கிறார்கள் இந்த மண்ணை. பக்கத்து அயோவாவில் சில இடங்களில் இதன் கனம் 60 மீட்டரையும் எட்டும். காய்ந்திருந்தால் செங்குத்தாக வெட்டிய சுவர்கூடச் சரியாமல் நிற்கும். நனைந்தால் கரைந்து வழியும்.

இந்த மண்ணில் சோளமும் சோயாவும் அபாரமாக விளைகின்றன. சாலை போடத்தான் இது லாயக்கில்லாத மண். அப்படிப்பட்ட மண்ணின் மேல் ஒரு விவசாயி 1896ல் இழுத்துக்கொண்டு போன மரக்கட்டை ஒன்று, அமெரிக்காவின் கிராமத்துச் சாலைகளையே மாற்றிவிட்டது என்று படித்த நாளிலிருந்து இங்கே வர வேண்டும் என்று இருந்தேன்.

நெடுஞ்சாலையை விட்டு விலகியதும் எல்லாச் சாலைகளும் நேர்கோடுகள். நிலத்தை அளந்து சதுரம் சதுரமாகப் பிரித்த காலத்தில், பெரும்பாலும் மைலுக்கு ஒரு சாலை என்று கோடு போட்டுவிட்டார்கள். குன்று வந்தாலும் ஓடை வந்தாலும் கோடு வளையாது. இன்று அவற்றில் பெரும்பாலானவற்றில் சல்லி பரப்பியிருக்கிறது. ஒரு காலத்தில் எல்லாமே வெறும் மண். 1904ல் நாடு முழுக்க எடுத்த கணக்கில் ஊர்ப்புறச் சாலைகள் 21 லட்சம் மைலுக்கு மேல் வந்தன. அவற்றில் சல்லியோ வேறு ஏதோ போட்டுச் சீர்செய்தவை நூற்றுக்கு 7 மைல்தான். மிச்சம் 93 மைலும் மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் பாளம் பாளமாகக் காய்ந்த வண்டித்தடம். வசந்தகாலத்தில் பனி உருகும்போது சக்கரம் அச்சுவரை புதையும். பக்கத்து ஊர் டாக்டர் வர முடியாது, பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியாது, விளைந்த சோளம் ரயிலடி போய்ச் சேராது.

அதற்காக யாரும் ஒன்றும் செய்யாமல் இல்லை. சாலை வரியைப் பணமாகக் கட்டாமல் உழைப்பாகக் கட்டும் வழக்கம் பல மாநிலங்களில் இருந்தது. வயலில் வேலை குறைந்த ஏதோ ஒரு வாரத்தில் விவசாயிகள் சேர்ந்து வருவார்கள். ஓரத்துப் பள்ளத்தை ஏர் பூட்டி உழுது, புல்லும் வேருமாக அந்த மண்ணைச் சாலை நடுவே வாரிப் போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த மழையில் அந்தப் பொலபொலத்த மண் முழுக்கத் தண்ணீரைக் குடித்து முன்னைவிட ஆழமான சேறாகிவிடும். உழைப்புக்குக் குறைவில்லை. உழைத்த நாள்தான் தவறு.

மெயிட்லண்ட் ஒரு சின்னஞ்சிறு ஊர். நாடவே ஆற்றின் பக்கத்தில், சில நூறு பேர் வாழும் இடம். கடைத்தெருவை நடந்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த ஊரை ஒட்டிய பண்ணையில்தான் டேவிட் வார்டு கிங் (1857–1920) இருந்தார். பொறியாளர் இல்லை, அரசு அதிகாரி இல்லை, பண்ணைக்காரர். அவருடைய முதல் கருவி குப்பையில் போட வேண்டிய பொருள்களால் ஆனது: பனியில் வெடித்துப்போன மரப் பம்பின் நடுக்கட்டை ஒன்று, ஓக் கம்பம் ஒன்று. இரண்டையும் முன்னும் பின்னுமாகக் கிடத்தி மூன்று வேலிப் பலகைத் துண்டுகளால் இணைத்தார். இழுக்க ஒரு கம்பி. மழை விட்டு, மண் இன்னும் ஈரமாக இருக்கும்போதே ஒரு ஜோடி குதிரைகளைப் பூட்டி, தன் வீட்டு வாசலிலிருந்து பக்கத்துப் பண்ணைவரை, அரை மைல் தூரம், சாலையின் ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்பி வந்தார். அவ்வளவுதான். அடுத்த மழைக்கும் அதையே செய்தார். அதற்கடுத்த மழைக்கும்.

கட்டையை இழுத்துச் சாலையைச் சமன்செய்வது அவருக்கு முன்பும் இருந்ததுதான். கிங் கண்டுபிடித்தது நேரத்தை. காய்ந்த மண்ணை இழுத்தால் புழுதி கிளம்பும், அடுத்த காற்றில் போய்விடும். ஈரக் களியை ஒரு மரமுகம் அழுத்தி வழித்துக்கொண்டு போகும்போது மண்துகள்களுக்கு இடையிலிருக்கும் துளைகள் அடைபடுகின்றன. அந்த மெல்லிய படலம் வெயிலில் காய்ந்தால் மேல்தோல் இறுகுகிறது, அடுத்த மழை உள்ளே இறங்க வழியில்லாமல் ஓரத்துக்கு ஓடுகிறது. ஒவ்வொரு மழைக்கும் ஒரு படலம். ஒவ்வொரு இழுப்பிலும் ஓரத்து மண் கொஞ்சம் நடுவுக்கு வந்து, சில மாதங்களில் நடு உயர்ந்து இருபுறமும் சரிவு தானாக அமைந்துவிடுகிறது. சாலையைக் கெடுக்கிற அதே மழைதான் சாலையை உருவாக்கும் கருவி என்று ஒரு மனிதர் உணர்ந்திருக்கிறார். இதைவிட அழகான ஒரு பொறியியல் சிந்தனையை நான் சந்தித்ததில்லை.

ஊருக்கு வெளியே, பெல்ஜியன் குதிரைகள் ஒரு ஜோடி வைத்திருக்கும் முதிய விவசாயி ஒருவரின் பண்ணைக்குப் போனேன். குதிரை ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான எடை. செம்பழுப்பு உடல், வெளிர்ப் பொன்னிறப் பிடரி. அவர் வீட்டிலிருந்து கவுண்டி சாலைவரை போகும் பாதைக்கு இன்றும் சல்லி போடவில்லை. கொட்டகையில் சாத்தியிருந்த இழுவைக் கட்டையை வெளியே இழுத்துக் காட்டினார். இரண்டேகால் மீட்டருக்கு மேல் நீளமுள்ள உருண்டை மரத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பிளந்த முகம் முன்னே பார்க்கும்படி ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்தி, இடையில் 30 அங்குலம் விட்டு முளைகளால் இணைத்திருந்தார். முன்கட்டையின் ஒரு முனையில், ஓரப்பள்ளத்தின் பக்கம் வரும் முனையில், அடிவிளிம்பில் மூன்றரை அடிக்கு இரும்புப் பட்டை. மேலே நிற்கப் பலகை. இழுக்கச் சங்கிலி.

"தூக்கிப் பாருங்கள்" என்றார். ஒரு முனையைத் தூக்கினேன். எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது.

"செவ்வகிலா?"

"ஆமாம், சிவப்பு சீடர். என் அப்பா செய்தது. ஓக்கில் செய்தால் நாசம்தான்."

கிங்கும் இதைத்தான் எழுதியிருக்கிறார். 1908ல் அமெரிக்க விவசாயத் துறை விவசாயிகளுக்கான வெளியீடு எண் 321 என்று அவருடைய கையேட்டை அச்சிட்டது. பிளந்த கட்டையை எப்படிச் செய்வது, எப்படி இழுப்பது என்பதுதான் அதன் மையப் பொருள். ஓக், ஹிக்கரி, ஆஷ் போன்ற கன மரங்களைத் தவிர்க்கச் சொல்கிறது. காய்ந்த சிவப்பு சீடர் முதல்தரம், எல்மும் வால்நட்டும் நல்லவை, வில்லோகூடப் பரவாயில்லை என்கிறது. சாலை போடுவதென்றால் பாரம் வேண்டும் என்றுதான் நம் புத்திக்குத் தோன்றும். கனமான கட்டை சேற்றில் அமிழ்ந்து மண்ணை ஒரே இடத்தில் குவித்துவிடும். பாரம் வேண்டிய இடத்தில் பாரம் தருவது கட்டை இல்லை, மேலே நிற்கிற ஆள்.

முந்தின இரவு நல்ல மழை. விடிந்தபின் காற்று அடித்ததில், பாதை காலில் ஒட்டாத ஈரத்துக்கு வந்திருந்தது. குதிரைகளைப் பூட்டிக் கட்டையை 45 பாகை சாய்வில் நிற்கும்படி சங்கிலியை மாட்டினார். பாதையின் ஒரு ஓரமாகப் போய் மறு ஓரமாகத் திரும்பினார். பிறகு என்னை ஏறச் சொன்னார். நாற்று நடுவதற்கு முன் சேற்றில் பரம்படிக்கும்போது பலகை மேல் ஏறி நிற்பார்களே, அப்படித்தான் நின்றேன். கடிவாளம் அவர் கையில், நடந்து வந்தார். குதிரைகள் அவசரமே இல்லாமல் நடந்தன. காலடியில் மண் சுருண்டு, கட்டையின் முகத்தில் வழுக்கி, நடுப்பக்கமாக ஒதுங்கிக்கொண்டே வந்தது. முதல் நாளின் சக்கரத் தடங்கள் முன்னே தெரிந்தன, பின்னே திரும்பிப் பார்த்தால் இல்லை.

"இப்போது வலது காலில் நில்லுங்கள்" என்றார்.

எடையை மாற்றினேன். கட்டையின் சாய்வே மாறியது. இடது முனை முன்னே போக, மண் ஓடும் போக்கு மாறியது. "முன்னே நகருங்கள்." விளிம்பு ஆழமாகக் கடித்தது. பள்ளம் ஒன்று வந்தபோது பின்கட்டைப் பக்கம் போகச் சொன்னார். வாரிக்கொண்டு வந்த மண் பள்ளத்தில் விழுந்து நிரவிக்கொண்டது. நெம்புகோல் இல்லை, சக்கரம் இல்லை, திருகு இல்லை. ஒரு மனிதன் ஒரு பலகையின் மேல் எங்கே நிற்கிறான் என்பதே இந்த எந்திரத்தின் முழுக் கட்டுப்பாடு. இன்னொன்று சங்கிலி. நீளமாக விட்டால் கட்டை ஆழமாக வெட்டும். குட்டையாகப் பிடித்தால் முன்கட்டை சற்றுத் தூக்கிக்கொண்டு, மேலோட்டமாக வழித்துவிட்டுப் போகும்.

இதைவிடப் பெரிய குதிரைக் கருவிகள் அப்போதே இருந்தன. இண்டியானாவில் ஜோசப் ஆடம்ஸ் 1885ல் செய்த கிரேடர் என்ற சாலை சமன்செய்யும் வண்டியில் சக்கரங்களையே சாய்க்க முடியும். பிளேடு மண்ணைப் பக்கவாட்டில் தள்ளும்போது வண்டி எதிர்ப்பக்கம் நழுவாமல் அது பிடித்துக்கொள்ளும். இன்றைய கிரேடர்களின் முன்சக்கரம் சாய்வதும் அதே உத்திதான். கலிபோர்னியாவில் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் போர்ட்டியஸ் 1883ல் காப்புரிமை பெற்ற ஃபிரெஸ்னோ வாரி, நான்கு குதிரைகள் இழுக்க மண்ணை அள்ளிப் போய் வேண்டிய இடத்தில் பரப்பும். கால்வாய் வெட்டவும் மேடு கரைக்கவும் அதற்கு இணையில்லை. அவை எல்லாம் சாலையை அமைக்கும் கருவிகள். விலைக்கு வாங்க வேண்டியவை. கிங்கின் கட்டை சாலையைக் காப்பாற்றும் கருவி. வீட்டில் கிடக்கும் மரத்தில் ஒரு பிற்பகலில் செய்துவிடலாம். என் மனம் இந்தக் கட்டையின் பக்கம்தான்.

அது பரவியதற்கு ரயிலும் தபாலும் காரணம். கிராமத்தில் வீடு தேடித் தபால் கொண்டுபோகும் சேவை தொடங்கியதும் அதே 1896ல்தான். சாலை மோசமென்றால் அந்தத் தடத்துக்குத் தபால் கிடையாது என்று அஞ்சல் துறை சொன்னதும், சேறு ஒவ்வொரு குடும்பத்தின் பிரச்சினையானது. சேற்றுக் காலத்தில் ரயிலடிக்குத் தானியம் வராததால் ரயில் கம்பெனிகளுக்கும் நஷ்டம். 1905ல் அயோவாவில் சிறப்பு ரயில் விட்டு, கிங்கை ஏற்றிக்கொண்டு நிலையம் நிலையமாகப் போனார்கள். அவர் விவசாயிகளைக் கூட்டிவைத்துப் பேசினார். 1910ல் அதே அயோவாவில் மிசோரி ஆற்றங்கரைக் கவுன்சில் பிளஃப்ஸிலிருந்து மிசிசிப்பிக் கரை டாவன்போர்ட்வரை 380 மைல் சாலையை ஓரத்துப் பண்ணைக்காரர்கள் ஆளுக்கொரு துண்டாகப் பங்கிட்டு, ஒரே காலையில் இழுத்து முடித்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு மாநிலத்தின் கிழக்கு எல்லைக்கும் மேற்கு எல்லைக்கும் நடுவில், அந்தக் காலை எத்தனை ஜோடிக் குதிரைகள் நடந்திருக்கும்!

கிங் இறந்த 1920லேயே மிசோரி மக்கள், மாநிலத்தைச் சேற்றிலிருந்து தூக்குவோம் என்ற முழக்கத்தோடு 6 கோடி டாலர் சாலைக் கடன் பத்திரத்துக்கு வாக்களித்தார்கள். 1931ல் கேட்டர்பில்லர் கம்பெனி தானே ஓடும் மோட்டார் கிரேடரைக் கொண்டுவந்தது. குதிரைகளின் வேலை அதோடு குறைந்துபோனது. கட்டையின் வேலை முடியவில்லை. திரும்பும் வழியில் சல்லிச் சாலை ஒன்றில் கவுண்டியின் மஞ்சள் கிரேடர் வேலை செய்துகொண்டிருந்தது. பிளேடு சாலைக்குக் குறுக்கே அதே சாய்வில் நின்று, ஓரத்துச் சல்லியை நடுவுக்கு உருட்டிக்கொண்டு வந்தது. ஓட்டுநர் இறங்கிவந்து இரண்டு நிமிடம் பேசினார். ஒரு வாரம் வெயில் அடித்தால் யார் என்ன புகார் சொன்னாலும் பிளேடை இறக்க மாட்டாராம். "மழை விட்ட மறுநாள் எனக்கு லீவு மட்டும் கேட்கக் கூடாது" என்றார்.

அன்று மாலை மறுபடி மழை பிடித்துக்கொண்டது. அடுத்த நாள் காலை பண்ணைக்குப் போனபோது, நேற்று இழுத்த பகுதியில் தண்ணீர் தேங்கவே இல்லை. இரு ஓரத்துப் பள்ளங்களிலும் மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக முதியவர் இழுக்காமல் விட்டிருந்த கடைசி இருபது அடியில் என் பூட்ஸ் கணுக்கால்வரை போனது. நடுப்பகல் தாண்டி ஈரம் சரியான பதத்துக்கு வந்ததும் அவர் குதிரைகளை வெளியே கொண்டுவந்தார். அந்த இருபது அடியை முதலில் இழுத்தார். பிறகு மிச்சப் பாதைக்கு வந்தபோது குதிரைகளை நிறுத்தி, சங்கிலியை இரண்டு கண்ணி குறைத்து மாட்டினார். இங்கே இனி வெட்ட வேண்டியதில்லை, வழித்துவிட்டால் போதும் என்று சொல்லிக் கடிவாளத்தை இந்த முறை என் கையில் கொடுத்தார்.