ஒரே றாக்கையில் பழையதும் புதியதும்

மன்னார் தீவில் வலையமைப்பு வேலைக்குப் போகிற பெடியள் ஓர் அலுவலகத்தின் இரும்பு றாக்கையைத் திறந்தால், சுவிட்சின் விளக்குகளுக்கு முன்னால் திருகாணிகளைத்தான் பார்க்கிறார்கள். உப்புக்காற்று அடிக்கிற ஊரில் துரு ஏறிய அளவே போதும், எந்தப் பெட்டி எப்போது வந்தது என்று மட்டுக்கட்டிவிடலாம். கீழே சிஸ்கோ 3750 ஒன்று, அதற்கு மேல் பல ஆண்டு கழித்து வந்த 3750-எக்ஸ், அதற்கும் மேல் வேறொரு கம்பனியின் புதிய சுவிட்ச். இதைக் கவனக்குறைவு என்று சொல்வது நியாயமில்லை. தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனி காற்றாலைகள் முப்பதும் ஒரே வகை, ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று. ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் ஒரே திட்டமாக வாங்கினால் அப்படி அமையும். அலுவலகத்துக்கான சுவிட்ச் அந்த ஆண்டுக் காசில் மிஞ்சியதைக்கொண்டு ஒவ்வொன்றாகத்தான் வருகிறது. 2022 மார்ச்சில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டிய பிறகு, அந்த ஒன்றுகூட வராத இடங்கள் உண்டு. ஆகவே பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டுவது இங்கே தொழிலின் ஒரு பகுதி. எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது: அவற்றை ஒரே அடுக்காகக் கட்டாமல், பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக வைத்துச் சாதாரண கேபிளால் இணைப்பதே மன்னாருக்குப் பொருந்தும்.

அடுக்கு என்பது பல சுவிட்சுகளைப் பின்புறத்துத் தனிக் கேபிளால் வளையமாகப் பிணைத்து, ஒரே சுவிட்ச்போல நடக்க வைப்பது. 3750 வரிசையில் ஒன்பது பெட்டிகள்வரை இப்படிப் பிணைக்கலாம். ஒரு முகவரி, ஒரு அமைப்புக் கோப்பு, ஒரு தலைவன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய 3750இன் வளையம் 32 கிகாபிற்று, 3750-எக்ஸின் வளையம் 64. இரண்டையும் கலந்தால் முழு வளையமும் 32க்கு இறங்கிவிடும். மென்பொருளும் எல்லாவற்றிலும் ஒரே பதிப்பாக இருக்கவேண்டும், அதாவது பழையது தாங்கக்கூடிய பதிப்பு. புதியதற்காகக் கொடுத்த காசில் ஒரு பங்கு அந்த நிமிடமே வீண். இத்தனைக்கும் இது கலக்க அனுமதி உள்ள சோடி. சிஸ்கோவிலேயே 3850ஐயும் அதற்குப் பின் வந்த 9300ஐயும் ஒரே அடுக்கில் பூட்டவே முடியாது. வேறு கம்பனிப் பெட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மின்வெட்டு வந்தால் இன்னொரு சங்கடம் வெளிப்படும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணிநேரம்வரை கரண்ட் இல்லாமற் போன காலத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கரண்ட் திரும்பும்போது அடுக்கிலுள்ள பெட்டிகள் தங்களுக்குள் தலைவனைத் தெரிவு செய்கின்றன. முன்னுரிமை எண் 1 முதல் 15 வரை, பெரிய எண்ணுக்கே பதவி. ஆனால் ஏற்கெனவே ஒரு தலைவன் இருந்தால், பிறகு வந்துசேரும் பெட்டிக்கு எண் 15 என்றாலும் பதவி கைமாறாது. புதிய பெட்டியின் யூபிஎஸ் பற்றரி செத்துப்போய், பழையது முந்தி எழும்பிவிட்டால், பலவீனமானது தலைவனாக நிற்க வலிமையானது அதன் கீழே இருக்கும். பதிப்பு பொருந்தாத பெட்டியாக இருந்தால் அதன் வாசல்கள் திறக்கவே மாட்டா. இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய, முறை தெரிந்த ஒருவர் நேரில் வரவேண்டும். கொழும்பிலிருந்து மன்னார் 300 கிலோமீற்றருக்கு மேல்.

தூரத்தைப் பற்றிய இந்தப் பேச்சு கேபிளில்தான் முடிவாகும். அடுக்குக் கேபிள் அந்தந்த வரிசைக்கென்று கம்பனி செய்வது, பழுதானால் ஊர்க் கடையில் கிடைக்காது. சாதாரண நெற்வேர்க் கேபிளோ, ஒரு சுருள் வயர், கொஞ்சம் ஆர்ஜே-45 முனை, ஒரு கிரிம்பர் இருந்தால் அங்கேயே செய்யலாம். எட்டு நரம்பையும் நிற ஒழுங்கில் நேராக்கி, ஒரே வெட்டில் நறுக்கி, முனைக்குள் கடைசிவரை போயிற்றா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அழுத்துகிற அந்தக் கைவேகம் இந்தத் தொழிலாளரின் உண்மையான சொத்து. அடுக்குக் கேபிளுக்கு முன்னால் அந்தத் திறமைக்கு வேலையில்லை. பொது நியமங்களும் இந்தக் கையின் பக்கம்தான் நிற்கின்றன. ஒரே கேபிளில் பல வலைகளைப் பிரித்தனுப்பும் 802.1கியூ 1998இல் வந்தது, பல கேபிள்களை ஒரே இணைப்பாகக் கட்டும் 802.3ஏடி 2000இல் வந்தது. றாக்கையில் ஆக மூத்த பெட்டிக்கும் நேற்று வந்ததற்கும் இரண்டுமே புரியும்.

தனித்தனியாக வைத்து இணைப்பது மன்னாருக்குப் புதிதல்ல. 1914இல் தொடங்கிய இந்திய–இலங்கைத் தொடர்பில் தனுஷ்கோடிக் கரையில் மீற்றர் பாதை, தலைமன்னார்க் கரையில் அகலப் பாதை. இரண்டு தண்டவாளங்களையும் ஒன்றாக்க யாரும் மினக்கெடவில்லை. நடுவில் கப்பல் ஓடியது, சனம் இறங்கி ஏறியது. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தபிறகும் மறுமுனையை இராமேசுவரத்துக்கு மாற்றி அந்தச் சேவை எண்பதுகள்வரை நீடித்தது. ஒரு கரைக்கு வந்த கேடு மறுகரையின் ரயிலைத் தண்டவாளத்திலிருந்து இறக்கவில்லை.

எதிர்வாதங்களில் கனமானது வேகம் பற்றியது. இரண்டு கிகாபிற்றுக் கேபிளைச் சேர்த்தாலும் 2 கிகாபிற்று, அடுக்கோ மெதுவானதே 32. கணக்குச் சரி. ஆனால் கோப்பும் மின்னஞ்சலும் போகிற அலுவலகத்தில் நெருக்கடி பெரும்பாலும் வெளியே போகும் இணைய இணைப்பில்தான் இருக்கிறது, சுவிட்சுகளுக்கு இடையில் அல்ல. ஸ்கான் படங்கள் கட்டடத்துக்குள்ளேயே ஓடும் வைத்தியசாலைக்கு இந்தப் பதில் போதாது, அங்கே ஒரே வகைப் பெட்டிகளை ஒன்றாக வாங்கி அடுக்கத்தான் வேண்டும். மூன்று பெட்டிக்கு மூன்று முகவரி, மூன்று கடவுச்சொல் என்பது அடுத்த முறைப்பாடு. நூறு பெட்டி என்றால் ஒப்புக்கொள்வேன், மூன்றுக்கு ஒரு கொப்பித் தாள் போதும். தனித்தனியாக வைத்தால் யாராவது ஒரு வயரின் இரு முனையையும் செருகிச் சுழல் உண்டாக்கிவிடுவார்கள் என்பதும் மெய்தான், ஆனால் அந்த ஆபத்து அடுக்கிலும் உண்டு. சுழலைக் கண்டு தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயை நிறுத்திவைக்காமல் விட்டாலே பெரும்பாலும் சமாளிக்கலாம்.

பழையதை ஏன் எறியக்கூடாது என்ற கேள்விக்கு மட்டும் முழுப் பதில் என்னிடம் இல்லை. 3750-எக்ஸுக்கே 2021 ஒக்டோபரோடு கம்பனியின் ஆதரவு முடிந்துவிட்டது, இனிக் கண்டுபிடிக்கும் ஓட்டைகளுக்கு ஒட்டுப் போட ஆளில்லை. அடுக்கில் இருந்தால் அந்த ஓட்டை முழு அடுக்குக்கும் உரியது. தனியே நின்றால் பழைய பெட்டியை வலையின் ஓரத்துக்குத் தள்ளி, அச்சுப்பொறிகளையும் தொலைபேசிகளையும் மட்டும் அதில் கொழுவி, அதன் நிர்வாக வாசலை வெளியே தெரியாத தனி வலைக்குள் அடைத்துவிடலாம். அடுத்த ஆண்டுக் காசு வரும்போது இரண்டு கேபிளைக் கழற்றினால் அது போய்விடும், மற்றப் பெட்டிகளை நிறுத்தவும் தேவையில்லை.